விளக்கு எரியாத விளக்குக்காரி

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். அன்றைக்குத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு காதும் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டன. காரணம் ஒரே ஒரு கார்டு.

'இருள்வழி' என்று ஒரு வீடியோ கேம் இருக்கிறது. நான்கு பாகங்கள் வந்துவிட்டன. நானும் அண்ணனும் நான்கையும் ஆடி முடித்திருக்கிறோம். இரண்டு பேர் சேர்ந்து இருண்ட குகைக்குள் வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். ஒருவர் வாள்வீரன், இன்னொருவர் விளக்குக்காரி. எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு முதல் கன்ட்ரோலர், இளையவளுக்கு இரண்டாவது. இதை யார் சட்டமாகப் போட்டார்கள் என்று தெரியாது. அதனால் அண்ணன் எப்போதும் வாள்வீரன், நான் எப்போதும் விளக்குக்காரி.

எனக்கு அதில் குறையே இல்லை. விளக்குக்காரி யாரையும் வெட்டமாட்டாள், குத்தமாட்டாள். ஆனால் அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தால்தான் எது பாலம், எது பள்ளம் என்று தெரியும். சொல்லப்போனால் அந்த கேமில் சண்டை கொஞ்சம்தான். பாதை தேடி நடப்பதுதான் அதிகம்.

இப்போது 'வீரச்சீட்டு' என்ற கார்டு விளையாட்டுக்காரர்கள், இருள்வழி ஆட்களை வைத்துப் புதிய கார்டுகள் போட்டிருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் அதுதான். நானும் ஆசை ஆசையாக ஒரு பாக்கெட் வாங்கி, வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் மாடிப்படியிலேயே பிரித்தேன்.

வாள்வீரனுக்குத் தங்க விளிம்பு, பவர் ஒன்பது. குகைப் பூதத்துக்குப் பவர் எட்டு. முதல் பாகத்தில் ஒரு தடவை வந்து கத்திவிட்டுப் போகுமே ஒரு வௌவால், அதற்குக்கூடப் பவர் ஐந்து. விளக்குக்காரிக்கு வெறும் ஒன்று. படத்தில் அவள் வாள்வீரனின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றாள். பாதி முகம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவள் கையிலிருந்த விளக்கு எரியவே இல்லை. சாம்பல் நிறத்தில் செத்துப்போய்க் கிடந்தது.

"இந்தக் கார்டைப் போட்டவங்க அந்த கேமை ஒரு தடவையாவது ஆடியிருப்பாங்களாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தையல் மெஷினில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஊசியில நூல் கோக்கத் தெரியாதவங்கதான் என்கிட்ட சட்டை சரியில்லைன்னு சொல்வாங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

நான் மஞ்சள் பென்சிலை எடுத்து, அந்த விளக்கை எரிய வைத்தேன்.

பாக்கெட்டுக்கு ஒரு விளக்குக்காரி கட்டாயம் இருந்தாள். அதனால் யாருக்கும் அவள் வேண்டாதவளாகிவிட்டாள். ஒருத்தன் அவளை வைத்து ஆடுகிற சைக்கிள் ஸ்டாண்டுக்கு முட்டுக்கொடுத்திருந்தான். இன்னொருத்தன் அவளை மடித்துப் படகு செய்து தண்ணீர்த் தொட்டியில் விட்டிருந்தான். படியெல்லாம் விளக்குக்காரிகள் கிடந்தார்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, ஆறிப்போன இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்து நேராக்கினேன். எல்லா விளக்குக்கும் மஞ்சள் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக்குக் கீழே ஆட்டம். அங்கே நீதிபதி வைத்ததுதான் சட்டம். நீதிபதி என்பது மேல்வீட்டுப் பையன்தான். விதிமுறைத் தாளை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பான், அதனால் அந்தப் பெயர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்லுகிற ரகம். கூடவே கொட்டாவி இருந்தான். அவன் பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான் என் கார்டுகளைப் பரப்பினேன். நீதிபதி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கிறுக்கின கார்டு செல்லாது. கிறுக்காம இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, இது குப்பை. நீ ஓரமா உக்காந்து ஸ்கோர் எழுது."

நீதிபதி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் என் அண்ணனும் சிரித்தான். நான்கு பாகமும் என் விளக்கு வெளிச்சத்தில் நடந்த அண்ணன். நான் ஸ்கோரும் எழுதவில்லை, ஒன்றும் எழுதவில்லை. கார்டுகளை வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான்காம் பாகத்தின் கடைசிக் குகையை அண்ணன் தாண்டுவதை நீதிபதி பார்க்க வேண்டுமாம். அண்ணன் எதுவும் நடக்காதது போல இரண்டாவது கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். நானும் எதுவும் நடக்காதது போல வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டினேன்.

வாள்வீரன் கம்பீரமாக நடந்தான். விளக்குக்காரி வாசலிலேயே நின்றாள். பத்தடி போனதும் திரை கறுத்துவிட்டது. தொப்பென்று சத்தம். பள்ளம். அண்ணன் மறுபடி தொடங்கினான், மறுபடி விழுந்தான். தான் ஆடினால் தாண்டிவிடுவதாகச் சொல்லி நீதிபதி கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான். அவன் அண்ணனைவிடச் சீக்கிரமாக விழுந்தான். கொட்டாவி அன்றைக்குத்தான் முதன்முறையாக விழித்திருந்து சிரித்தான்.

"விளக்கை எடுத்துட்டு வா" என்றான் அண்ணன்.

"எதுக்கு? அவ பவர் ஒண்ணுதானே. குப்பைதானே. உன் ஒன்பது பவரை வச்சு நடந்து போ."

அண்ணன் கன்ட்ரோலரை நீதிபதியிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான்.

என் காது மெல்ல ஆறியது. கோபம் ஆறினால்தான் எனக்கு யோசனை வரும். அப்போது ஒரு யோசனை வந்தது. எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லி, கார்டுகளை எடுத்துவரச் சொன்னேன்.

"ஆளுக்கு அஞ்சு கார்டு. பெரிய பவர் போட்டவங்களுக்கு அந்தச் சுற்று. முன்னால விளக்குக்காரி இருக்கறவங்க மட்டும்தான் தன் கார்டைப் பார்த்து, எது வேணுமோ அதைப் போடலாம். அவ இல்லாதவங்க எல்லாத்தையும் கவிழ்த்து வச்சு, மேல இருக்கறதைத்தான் போடணும். அவங்கதான் முதல்ல போடணும். இருட்டுல போறவங்கதானே முதல்ல முட்டிக்குவாங்க."

நீதிபதி விதிமுறைத் தாளைப் பிரித்தான். அப்படி ஒரு விதி அதில் எங்கேயும் இல்லை என்றான்.

"தாளுல இல்ல. கேம்ல இருக்கு, நாலு பாகத்துலயும். இப்பத்தான் நீயே விழுந்து பார்த்தியே" என்றேன்.

அண்ணன் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "ஆடிப் பார்க்கலாம்" என்றான்.

நீதிபதியும் நானும் ஆடினோம். என் பக்கம் மஞ்சள் விளக்குக்காரி நின்றாள். அவன் மேலே இருந்த கார்டைத் திருப்பினான். தங்க விளிம்பு வாள்வீரன், ஒன்பது. நான் பவர் இரண்டு உள்ள தவளையைத் தூக்கிப் போட்டேன். போனால் போகட்டும், தவளைதானே. அடுத்து அவனுக்கு எலி வந்தது, மூன்று. நான் நான்கைப் போட்டேன். பிறகு நான்கு வந்தது, நான் வௌவாலைப் போட்டேன். பூதம் வந்தபோது என்னிடம் மிச்சமிருந்ததில் சின்னதைக் கொடுத்தேன். கடைசியில் அவனுக்கு ஐந்து, எனக்கு ஆறு. பூதமும் வாள்வீரனும் அவனிடம்தான் இருந்தார்கள். ஆனாலும் ஐந்தில் மூன்று எனக்கு.

"உன்கிட்ட விளக்குக்காரி இருக்கா, அதான்" என்றான் நீதிபதி.

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது.

கொட்டாவி அதற்குள் எழுந்து படியில் இறங்கி ஓடிவிட்டான். சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். அண்ணன் தன்னுடைய குப்பைக் கூடையைக் கவிழ்த்தான். எதுவும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? எல்லா விளக்குக்காரிகளும் என்னிடம் அல்லவா இருந்தார்கள்.

ஒரு விளக்குக்காரிக்கு ஒரு வாள்வீரன் என்று பேரம் பேசியிருக்கலாம். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கைப் பூட்டிவைத்துக்கொண்டு மற்றவர்களைப் பள்ளத்தில் விழவிட்டால் நான் என்ன விளக்குக்காரி? ஆளுக்கொன்று கொடுத்தேன். நீதிபதிக்கு மட்டும், படகாக மடிக்கப்பட்ட கார்டில் மஞ்சளை அழித்துவிட்டுக் கொடுத்தேன். கிறுக்கின கார்டுதான் அவனுக்குச் செல்லாதே.

அன்றைக்கு எல்லோர் பக்கத்திலும் விளக்குக்காரி நின்றாள். நான் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன், மூன்று தோற்றேன். ஸ்கோரை நீதிபதி எழுதினான்.

எல்லோரும் போன பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். நீதிபதி நின்றிருந்தான். படியில் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"உன்கிட்ட அந்த மஞ்சள் பென்சில் இருக்கா?" என்றான்.