சோப்பு டப்பா ஏன் விழிக்கவில்லை?

மாலை நாலரை மணிக்குப் பள்ளி வேன் விளாங்குடியில் வந்து நிற்கும். மற்ற பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் யாராவது காத்திருப்பார்கள். பவதாரிணிக்கு மட்டும் வாசலில் பூட்டுதான் தொங்கும்.

அப்பா லாரியோடு கிளம்பினால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். அம்மா ஜெயக்கொடிக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. வீடு வர ஏழு மணி. அண்ணன் அருண்பாண்டி இருந்தவரை கவலையில்லை. அவனும் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் சத்தம் போடுவது ஃபேன் ஒன்றுதான். பத்து வயதுப் பிள்ளை ஃபேனோடு எவ்வளவு நேரம்தான் பேசுவாள், சொல்லுங்கள்!

போகும்போது அண்ணன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனான். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் ஒன்றைப் பழைய சோப்பு டப்பாவுக்குள் பொருத்தி, டிவியோடு இணைத்துக் கொடுத்தான். அந்தக் காலத்து விளையாட்டெல்லாம் அதில் உண்டு. நகத்தளவு மெமரி கார்டு ஒன்றில்தான் அத்தனையும் இருந்தன.

பவாவுக்கு அதில் கார் பந்தயம்தான் உயிர். பந்தயம் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும். முதல் இடத்தில் அருண்பாண்டி, இரண்டாவது இடத்தில் பவா. அண்ணன் ஊரில் இல்லாவிட்டாலும் அவன் பெயர் அங்கேயே இருந்தது.

"இருண்ணே, இன்னைக்கு உன்னைய முந்திட்டுத்தான் மறுவேலை" என்று தினமும் அந்தப் பெயரிடம் சொல்வாள். ஒருநாளும் முந்தியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் பேசினான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"அண்ணே, டப்பாவ ஆன் பண்ணதும் எறும்பு ஊர்ற மாதிரி ஒரே எழுத்தா ஓடுது. அத நிறுத்த முடியாதா?"

"முடியுமே! கார்ட எடுத்து என் பழைய லேப்டாப்ல போடு. நான் சொல்ற ஃபைலத் தொற. உள்ள ஒத்த வரிதான் இருக்கும். அந்த வரி கடைசில நான் சொல்ற வார்த்தைய அடி. வேற எதையும் தொட்றாத பாப்பா."

பவா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். கார்டைத் திரும்பப் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். சோப்பு டப்பா விழிக்கவில்லை. கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டது.

"வேற ஏதாச்சும் எழுதுனியா?" என்று கேட்டான் அண்ணன்.

"சத்தியமா இல்லண்ணே! நீ சொன்னத மட்டுந்தான் எழுதுனேன்."

"விளையாட்டெல்லாம் கார்டுல எங்க இருக்குன்னு அந்த வரிதான் டப்பாவுக்குச் சொல்லும். டப்பா முதல் வரிய மட்டுந்தான் படிக்கும். அதுல என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியலயே... சரி விடு. ஆரப்பாளையத்துல நம்ம பால்பாண்டி கம்ப்யூட்டர் கடை இருக்குல்ல? அம்மாகிட்ட கார்டக் குடுத்துவிடு. அழிச்சுட்டுப் புதுசா ஏத்திருவான்."

"அழிச்சா பட்டியலும் போயிருமா?"

"போகும். போனா என்ன? புதுசா ஆடிக்க!"

போனா என்னவாம்! தீபாவளிக்கே லீவு இல்லை என்று சொல்லிவிட்டவன், மறுபடி எப்போது வந்து முதல் இடம் பிடிப்பான்?

"ஒரே ஒரு நாள் பொறும்மா" என்று அம்மாவிடம் கெஞ்சினாள்.

"சரித்தா. செவ்வாக்கெழம காலைல வாங்கிட்டுப் போறேன்" என்றார் ஜெயக்கொடி.

திங்கட்கிழமை மாலை. பூட்டைத் திறந்ததும் பவா லேப்டாப்போடு உட்கார்ந்தாள். புரியாத கணக்கைக் கையால் ஒருமுறை எழுதிப் பார்ப்பது அவள் வழக்கம். அந்த ஃபைலையும் அப்படியே எழுதிப் பார்க்கலாம் என்று ரஃப் நோட்டில் புதுப் பக்கம் புரட்டினாள். மேலே நடுவில் 'உ' என்று போட்டாள். பிறகு முதல் வரியைப் பார்த்து எழுதத் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

திரையிலும் முதல் வரியில் 'உ' இருந்தது!

"அய்யய்யோ!" என்று அவள் கத்தியது ஃபேனுக்கு மட்டும்தான் கேட்டது.

எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவது அந்த வீட்டுப் பழக்கம். அம்மா மளிகைச் சீட்டுக்குக்கூடப் போடுவார். லேப்டாப்பில் தமிழில் அடிக்கவும் அண்ணன் பவாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபைலைத் திறந்ததும் பவாவின் கை தன்பாட்டுக்கு மேலே ஒரு சுழியை அடித்து, இருந்த வரியைக் கீழே தள்ளிவிட்டது. அதை எழுதியதாகவே அவள் நினைக்கவில்லை. சுழி போடுவதெல்லாம் எழுதுவதில் சேர்த்தியா என்ன?

பாவம், டப்பா என்ன செய்யும்! முதல் வரியைப் படித்திருக்கிறது. அங்கே பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். விளையாட்டு எங்கே இருக்கிறது என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"கோவிச்சுக்காதீங்க பிள்ளையாரே, நீங்க நோட்டுலயே இருங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சுழியை அழித்தாள். கீழே கிடந்த வரி மேலே ஏறியது. கார்டை டப்பாவில் செருகி ஸ்விட்சைத் தட்டினாள்.

ஒரு எறும்புகூட ஊரவில்லை. நேராக விளையாட்டு வந்தது. பட்டியலைத் திறந்தாள். முதல் இடத்தில் அருண்பாண்டி. அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏழு மணிக்கு அம்மா வந்ததும் வராததுமாகப் போனை வாங்கி வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தப்பு என் மேலதான். ஃபைல்ல பிள்ளையார் சுழி போட்டுட்டேன்!"

அருண்பாண்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கட்டிலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துப் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வெறும் சுவர்.

"தனியாவாண்ணே சாப்புடுற?"

"ஆமா பாப்பா. ரூம்ல இருக்குறவங்க எல்லாருக்கும் வேற ஷிஃப்டு."

"அப்ப அங்கயும் ஃபேன் மட்டுந்தானா?"

"ஃபேன்தான். அதுவும் கடகடன்னு அம்புட்டுச் சத்தம்!"

அண்ணனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பவா இதுவரை நினைத்ததே இல்லை. சற்று யோசித்தாள். டிவி தெரியும்படி போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள்.

"சாப்புட்டுக்கிட்டே பாருண்ணே. இன்னைக்கு உன்னைய முந்துறேன்."

"நீயா? என்னையா? ஏய், லெஃப்ட்ல வளை! வளை!"

வளைப்பதற்குள் கார் மரத்தில் மோதியது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். பட்டியலில் பவா இன்றைக்கும் இரண்டாவதுதான்.

"நாளைக்கும் சாப்புடறப்ப வருவியாண்ணே?"

"வாரேன் பாப்பா" என்றான் அண்ணன், வாய் நிறையப் பரோட்டாவோடு.