வாறேன், நைனா

தட்டுகளில் போட்ட சோறு அப்படியே இருந்தது. ஆறு நாய்களும் தட்டுகளைப் பார்க்கவில்லை, சோறு போட்ட பிரேமகுமாரியையும் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், தங்கை படம் வரையும் அறையின் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

தங்கை ப்ளெஸ்ஸியை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கனகம்மாசத்திரம் பக்கத்தில் அடிபட்டுக் கிடந்த கன்றுக்குட்டியை ரோட்டிலிருந்து இழுக்கப் போனவள்மேல் லாரி ஏறிவிட்டது. கிராப்பு வெட்டிக்கொண்டு, கட்டம்போட்ட சட்டையோடு, திருத்தணி ஆட்டோக்களின் முதுகில் மயில் வரைந்து பிழைத்தவள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்கு இன்னாத்துக்குக்கா மாப்பிள்ள? இத்தினி நைனா கீறாங்களே" என்று நாய்களைக் காட்டுவாள். அப்பாவைக் கூப்பிடுகிற சொல்லை நாய்க்கு வைத்திருக்கிறாளே என்று சபையில்கூடப் பேச்சு வந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

பிரேமகுமாரிக்கு அப்படிக் கூப்பிட யாரும் இல்லை. நாகர்கோவிலுக்கு வாக்கப்பட்டுப் போனவள். கணவர் காலமாகிவிட்டார், மகன் மஸ்கட்டில். அடக்கத்துக்கு வந்தவள், தங்கை வீட்டைப் பூட்டிவிட்டு உடனே திரும்பத்தான் நினைத்தாள். ஆனால் நாய்கள் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தன. கிழட்டு வெள்ளை நாய் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

எதிர்வீட்டு டில்லிபாபு வேலியோரம் நின்று பார்த்தான். "அதுங்க முனகுனா அவங்க அந்த ரூம்லேர்ந்து பதில் குடுப்பாங்க. 'ஆங், வந்துகினே கீறேன் நைனா'ன்னு. அப்பறந்தான் வாய வைக்கும். உங்க குரலும் அதே மாதிரி கீதுங்க. சொல்லித்தான் பாருங்களேன்."

"செத்தவ மாதிரி நான் பேசணுமா?"

"அதுங்க பட்டினில சாவறதுக்கு இது தேவலைங்க."

அன்று சாயங்காலம் அவள் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டர்பென்டைனும் நாய்முடியும் கலந்த வாடை. வெளியே முனகல் கேட்டதும் தங்கையின் இழுவையோடு குரல் கொடுத்தாள். "ஆங், வாறேன் நைனா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாகர்கோவில் நாக்கு, 'வந்துகினு' வரவே இல்லை. நாய்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்ததும் வெள்ளை நாய் தவழ்ந்து வந்து அவள் கையை நக்கியது. தன்னைத் தொட ஓர் உயிர் இருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்தாள். அதன்பின் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் போய் அதையே சொன்னாள்.

இன்று அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. மலைமேல் ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் நின்றுபோய், கூரை ஷீட்டில் ஓடிக்கொண்டிருந்த குரங்குகளும் அடங்கி, எங்கோ பள்ளிப்பட்டு பஸ் வளைவில் திரும்பும் உறுமலும் மெல்லத் தேய்ந்த பிறகு, பின்கட்டில் நாய்கள் முனக ஆரம்பித்தன. அவள் இன்னும் அறைக்குப் போகவில்லை.

"ஆங்."

அறைக்குள்ளிருந்து வந்தது.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு, "ப்ளெஸ்ஸி" என்றாள்.

"வாறேன் நைனா."

வாறேன்.

ப்ளெஸ்ஸி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அக்கா வாயில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவள். இது தங்கையின் பேச்சு இல்லை. தினமும் அந்த அறைக்குள் நின்று பிரேமகுமாரி சொல்லிக்கொடுத்த பேச்சு. அங்கே வேறு ஏதோ இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அறைக் கதவு திறந்தது. யாரும் வரவில்லை.

நாய்கள் உள்ளே வந்து சமையலறைத் தரையில் வயிறு ஒட்டப் படுத்தன. அடுப்பு வெளிச்சத்தில் வெள்ளை நாயின் முதுகு தெரிந்தது. அதன் முடி வாலிலிருந்து தலைப்பக்கமாக மெல்ல நிமிர்ந்தது. விரல் அகலத்துக்கு நாலு கோடுகள். எதிர்த்திசையில் தடவல். நாயைத் தடவிப் பழகாத கை. நாய் நடுங்கியது. நகரவில்லை. அதன் அடியில் ஈரம் பரவியது.

அடுத்த நாய்.

அதற்கடுத்தது.

வரிசையாக, அவளை நோக்கி.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். கத்தக் கூடாது. கத்தினால் அதையும் கற்றுக்கொள்ளும்.

காலடியில் படுத்திருந்த கடைசி நாயின் முடி நிமிர்ந்து, படிந்தது. சோறு தீயும் வாடை. வேறு எதுவும் அசையவில்லை.

பிறகு அவளுடைய பிடரியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. முடியை அளைந்துகொண்டு, உச்சந்தலையை நோக்கி, நிதானமாக ஏறத் தொடங்கியது.