மணப்பெண் பாலத்துச் சிவப்பு நூல்

மதியம் 12.40. யாவோரித்சா ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில், கண்ணாடிப் பெட்டியின் பூட்டு ஒரே திருகில் திறந்தது. மேயர் தோன்கா, உள்ளே இருந்த துருப்பிடித்த தகர டப்பாவை இரண்டு கைகளாலும் எடுத்து மூடியைத் திறந்தார். டப்பா காலி.

தலைநகர் சோஃபியாவிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்த பழந்துணி ஆய்வாளர் எவ்லோகி, குனிந்து பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் நின்ற நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். போலீஸ் சார்ஜண்ட் ஸ்லாதினாவுக்கு மட்டும் காது சுட்டது. சரியாக ஒரு மணி நேரம் முன்பு, 11.40க்கு, அந்த டப்பாவைத் திறந்து, உள்ளே சிவப்பு நூல் இருப்பதைப் பார்த்து, பூட்டை இழுத்துச் சோதித்து, "எல்லாம் பத்திரம்" என்று மேயரிடம் சொன்னவள் அவள்தான்.

காணாமல் போனது ஒரு கம்பளி நூல், ஒரு ஆள் நீளம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையே அந்த நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்கு மேலே ஒன்பது வளைவுகளோடு நிற்கும் கல் ரயில் பாலத்தை எல்லோரும் மணப்பெண் பாலம் என்பார்கள். கட்டும்போது நான்காவது தூணை ஆறு மூன்று முறை அடித்துக்கொண்டு போனதாம். தலைமைக் கொத்தனார் ப்ரோதான், கோடை நடுவில் வரும் யோவான் திருநாளன்று, உச்சிவேளையில் தனக்குச் சோறு கொண்டுவந்த இளம் மனைவியின் நிழலை ஒரு சிவப்பு நூலால் அளந்து, அந்த நூலைத் தூணுக்குள் வைத்துப் பூசிவிட்டாராம். தூண் நின்றது. நாற்பதாம் நாள் மனைவி செத்துப்போனாள். நிழலைக் கொடுத்தவர்கள் அதற்குமேல் இருக்கமாட்டார்கள் என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று வாரம் முன்பு, பாலத்தைப் பழுதுபார்த்த கொத்தனார் சாப்ரி, நான்காவது தூணுக்கு மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்தபோது இந்த டப்பா கிடைத்தது. மேயர் ஊர் முன்னிலையில் திறந்தார். உள்ளே சிவப்பு நூல். பத்திரிகைகள் எழுதின. பயணிகள் இல்லை என்று அந்தப் பாதையை இழுத்து மூட இருந்த அமைச்சகம், கொஞ்சம் பொறுப்போம் என்று ஆய்வாளரை அனுப்பியது. அவர் வந்து இறங்கிய நாளில் நூல் மாயம்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்றார் மேயர். அவர் விரல் சாப்ரியை நோக்கி நீண்டிருந்தது. "பன்னெண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி நாம எல்லாம் பிளாட்பாரத்துல நின்னோம். இந்த ரூம்ல கால் மணி நேரம் தனியா உக்காந்திருந்தது இந்த ஆள்தான். மூணு பத்து வண்டியில இவனை மாவட்டத் தலைமையகத்துக்கு அனுப்பு."

சாப்ரி அடுத்த மலைக் கிராமத்து ஆள். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பாலத்தில் நடக்கும் அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்க 11.50க்கு வந்ததாகவும், நிலைய அதிகாரி இல்லாததால் 12.05 வரை பார்த்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். தானே தன் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். தூக்குக்குண்டு, சுண்ணக்கட்டி, ரொட்டித் துண்டு.

"மூணு பத்துக்கு யாராவது ஏறுவாங்க மேயரம்மா," என்றாள் ஸ்லாதினா. "யாருன்னு நான் சொல்றேன்."

1.05. பூட்டில் கீறல் இல்லை. சாவியால் திறந்திருக்கிறார்கள். சாவி இரண்டு: ஒன்று மேயரின் கழுத்துச் சங்கிலியில், மற்றது டிக்கெட் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில். மேயரோ முழு நேரமும் ஊரார் நடுவில் நின்றவர். டிக்கெட் அறை கண்ணாடிப் பெட்டிக்குப் பத்தடி தள்ளி. அங்கிருந்து காத்திருப்பு அறைக்கு ஒரு கதவு உண்டு.

டிக்கெட் அறையில் இருப்பவர் தெஸ்பினா. முப்பத்தோரு வருஷமாக அதே ஜன்னல். கூட்டமில்லாத நேரத்தில் கம்பளிக் காலுறை பின்னுவார். அந்தப் பாதையில் வேலை பார்க்கும் எல்லோர் காலிலும் அவர் கை வேலைதான். ஸ்லாதினா போட்டிருந்ததும் அவர் பின்னியதே. மேஜை மேல் இப்போதும் நான்கு ஊசிகளில் ஒரு சிவப்புக் காலுறை தொங்கிக்கொண்டிருந்தது.

"பதினொன்னு நாப்பதுல இருந்து வண்டி வர்ற வரைக்கும் எங்க இருந்தீங்க அக்கா?"

"இங்கதான்."

"என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

"பதிவேடு எழுதிட்டு இருந்தேன். சோஃபியாக்காரர் பார்ப்பாரேன்னு. தலை நிமிரவே இல்ல."

"பின்னலை எடுக்கலையா?"

"இன்னைக்கா? ஊசியைத் தொடக்கூட இல்லம்மா."

"சாப்ரி மேஸ்திரி பெட்டிகிட்ட போனதைப் பாத்தீங்களா?"

தெஸ்பினா பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, பார்க்கவில்லை என்றார். சாப்ரி பேரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை என்பதை ஸ்லாதினா மனதில் குறித்துக்கொண்டாள்.

1.25. நிலைய அதிகாரி வெல்கோ, தலையில் சிவப்புத் தொப்பியோடு பிளாட்பாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். பேசச் சொன்னால் போதும், நிறுத்தமாட்டார். சாப்ரி டப்பாவைக் கொண்டுவந்த கதையையே ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது, சாப்ரி அதைத் திறக்காமலே டிக்கெட் ஜன்னலில் கொடுத்தார், மேயர் வெளியூர் போயிருந்ததால் மறுநாள் காலை வரை இங்கேயே வைத்தார்கள்.

"நான்கூட காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தேன்," என்றார். "உள்ள ஏதோ கடகடன்னு உருண்டுச்சு. நாணயமா இருக்கும்னு நெனச்சேன். கடைசில பாத்தா, நூலு."

ஸ்லாதினா கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதையை அப்படியே பையில் போட்டாள்.

"ராத்திரி அந்த டப்பா எங்க இருந்துச்சு?"

"தெஸ்பினா அலமாரியில. வேற எங்க?"

1.50. அவள் பாலத்துக்கு ஏறினாள். இவ்வளவு அவசரத்தில் அங்கே என்ன வேலை என்று மேயர் கேட்டனுப்பினார். ஒரு பலகையைப் படிக்க வேண்டும் என்று பதில் அனுப்பினாள். பாலத்தின் முகப்பில் கதையை எழுதி வைத்த பலகை அது. சின்ன வயதிலிருந்து நூறு தடவை படித்ததுதான். யோவான் திருநாள். உச்சிவேளை. சோற்றுப் பானை. நிழல். பிறகு, பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு நூலை நீட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். ஒரு மீட்டர் அறுபத்து மூன்று. 'மணப்பெண்ணின் உயரம்' என்று கீழே எழுதியிருந்தது.

ஸ்லாதினா புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். கோடை நடுவில் உச்சிவேளைக்கு நிழல் எங்கே இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒண்டிக்கொள்ள இடம் தேடி எத்தனை நாள் தன் நிழலையே திட்டியிருக்கிறாள்.

இறங்கி வந்ததும் சாப்ரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாரே, தெஸ்பினா அவரிடம் பேசினாரா? பேசினார் என்றார் சாப்ரி. சாப்ரியின் சின்ன மகளின் பாதம் எவ்வளவு நீளம் என்று கேட்டாராம். பின்னிக்கொண்டேதான் கேட்டாராம்.

2.30. காத்திருப்பு அறையில் ஐந்து பேரை மட்டும் உட்காரவைத்தாள்: மேயர், ஆய்வாளர், வெல்கோ, சாப்ரி, தெஸ்பினா. கதவைச் சாத்தினாள்.

"சாப்ரி மேஸ்திரி எடுக்கல," என்று ஆரம்பித்தாள். "இந்த நூலை இன்னைக்குத் திருடுறதால யாருக்கு என்ன லாபம்? விக்க முடியாது. படம் எல்லாப் பேப்பர்லயும் வந்தாச்சு. ஒரே ஒருத்தருக்குத்தான் லாபம். ஆய்வாளர் கண்ணுல இது படவே கூடாதுன்னு நெனச்சவங்களுக்கு. ஏன் படக்கூடாது? நூல் பொய்."

மேயர் எழுந்துகொண்டார். ஸ்லாதினா பேச்சை நிறுத்தவில்லை.

"கோடையில உச்சிவெயில்ல நின்னு பாத்திருக்கீங்களா மேயரம்மா? நிழல் காலடியில சுருண்டு கெடக்கும். ரெண்டடி இருந்தா பெரிசு. ப்ரோதான் நெஜமாவே அளந்திருந்தா நூல் அவ்வளவுதான் இருக்கணும். இது ஒரு முழு ஆள் நீளம். கதையைக் கேட்டு, நிழல்னா ஆள் அளவுதானேன்னு ரூமுக்குள்ள உக்காந்து வெட்டின நூல் இது."

"அப்போ டப்பாவும் பொய்யா?" என்றார் ஆய்வாளர்.

"டப்பா நெஜம். செவ்வாய்க்கிழமை வெல்கோ அதை ஆட்டினப்போ கடகடன்னு சத்தம் கேட்டுச்சு. புதன்கிழமை திறந்தப்போ வெறும் கம்பளி நூல். கம்பளி உருளாது, சத்தம் போடாது. ராத்திரியோட ராத்திரியா உள்ள இருந்தது வெளியே போய் நூல் உள்ளே வந்திருக்கு. வெல்கோ மாத்தியிருந்தா சத்தத்தைப் பத்தி எங்கிட்ட வாயைத் திறந்திருக்க மாட்டார். டப்பா இருந்தது டிக்கெட் ரூம்ல. இன்னைக்கு சாவி தொங்கினதும் அங்கதான்."

யாரும் தெஸ்பினா பக்கம் திரும்பவில்லை. அவராகவே தலையை நிமிர்த்தினார்.

"நூல் எங்க?" என்றார் மேயர். "எல்லாரையும் சோதிச்சாச்சு."

ஸ்லாதினா டிக்கெட் அறைக்குள் போய், ஊசிகளோடு அந்தச் சிவப்புக் காலுறையைக் கொண்டுவந்தாள். "காலைல நான் பூட்டைப் பாத்த கையோட அக்காகிட்ட கேலி பண்ணினேன், இன்னும் குதிகாலைத் தாண்டலையான்னு. மத்தியானம் விசாரிச்சப்போ ஊசியையே தொடலைன்னாங்க. இப்போ குதிகாலைத் தாண்டி மூணு சுத்து ஏறியிருக்கு. புது நூலோட பளபளப்பு இல்ல. அந்த மூணு சுத்தும் மங்கல். பழசாத் தெரியணும்னு வால்நட் தோல் போட்டுக் காய்ச்சின நிறம். மூணு சுத்துக்கு ஒரு ஆள் நீளம் நூல் சரியா இருக்கும். மேஸ்திரி பத்தடி தள்ளி உக்காந்திருக்க, அவர் கண் முன்னாலயே பின்னியிருக்காங்க."

ஆய்வாளர் காலுறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மங்கலான சுற்றும் மற்றதும் ஒரே ஆலை நூல், போன வருஷத்துச் சாயம் என்று சொல்ல அவருக்குக் கால் நிமிடம் ஆனது.

தெஸ்பினா அழவில்லை. அன்று ராத்திரி சும்மா பார்க்கலாமே என்று கத்தியால் மூடியை நெம்பியதையும், உள்ளே இருந்ததைப் படித்ததையும் சொன்னார். இது வெளியே வந்தால் கதை செத்தது, கதை செத்தால் பாதை செத்தது என்று தோன்றியதாம். பத்திரிகையில் வந்தால் போதும் என்றுதான் நினைத்தாராம். துணியை ஆராய்கிறவரை அனுப்புவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"சாப்ரி மேல பழி விழும்னு தெரியுமா?" என்றாள் ஸ்லாதினா.

"விழுந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு. மூணு பத்துக்கு அவரை ஏத்தியிருந்தா சொல்லியிருப்பேன்." காலுறையைப் பார்த்தபடி, "சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார்.

"உள்ள இருந்தது?"

மூடிப்போன நிலையங்களுக்கான பழைய அட்டை டிக்கெட்டுகள் இன்னும் ஒரு மர அடுக்கில் இருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து தெஸ்பினா ஒரு பென்சில் துண்டையும், சுருட்டிய காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். எரிக்க மனம் வரவில்லையாம்.

ஆய்வாளர் வாசித்தார். 1926, செப்டம்பர். இன்று கடைசிக் கல் வைத்தோம். அடியில் இருபத்தேழு பெயர்கள். ப்ரோதான், மற்ற கொத்தனார்கள், கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பு சுமந்த பெண்கள். கிறிஸ்தவப் பெயரும் முஸ்லிம் பெயரும் கலந்து, வேலை செய்த வரிசையில். கடைசியில் வேறு கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. அதைப் படிக்கும்போது அவர் குரல் தடுமாறியது, சிரிப்பில்.

'சமையல்: தலைவரின் மனைவி மாகா, நான்கு வருஷமாக. பீன்ஸில் உப்பு அதிகம். சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.'

பாலத்துப் பலகைப்படி நான்காவது தூண் நின்றது 1922இல். நிழலைக் கொடுத்து நாற்பதாம் நாள் செத்தவள், அதற்குப் பிறகு நான்கு வருஷம் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நிழல் கதை இந்த நாட்டுல ஒவ்வொரு பாலத்துக்கும் இருக்கு," என்றார் ஆய்வாளர். "கல் தூக்கினவங்க பேர் எந்தப் பாலத்துல இருக்கு? எனக்குத் தெரிஞ்சு இதுல மட்டும்தான். ஏம்மா இதைப் போய் ஒளிச்சு வச்சீங்க?"

3.10 வண்டி வந்தது, யாரையும் ஏற்றாமல் போனது. புகார் எழுதுகிற உரிமை யாருக்கு என்று மேயர் கேட்டபோது, திருடன் என்று பெயர் வாங்கியவருக்குத்தான் என்று ஸ்லாதினா சொல்லிவிட்டாள். எல்லோரும் சாப்ரியைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். தெஸ்பினாவை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்றார். ஆனால் தன்னைத் திருடன் என்று சொன்னதைக் கேட்டவர்கள் நாற்பது பேர். அந்த நாற்பது பேரையும் பாலத்து மேலே நிறுத்தி, இந்தக் காகிதத்தை அந்த அக்கா முழுசாக வாசிக்க வேண்டும், எப்படி மறைத்தார் என்பதையும் அவரே சொல்ல வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாற்பதுக்கு நானூறு பேர் வந்தார்கள். முதலில் மேயர் பாலத்தின் முழு நீளமும் நடந்து சாப்ரியிடம் போய்க் கை கொடுத்தார். கையெல்லாம் சுண்ணாம்பு என்று அவர் பின்வாங்கினார், மேயர் விடவில்லை. பிறகு தெஸ்பினா பேசினார். தான் செய்ததைச் சுருக்கிச் சொல்லவில்லை. கடைசி வரை சொன்னார். அப்புறம் ஒவ்வொரு பெயராக வாசித்தார். தங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் வந்தபோது கூட்டத்தில் அங்கங்கே ஒரு கை உயர்ந்தது, ஒரு தலை அசைந்தது. பதினான்காவது பெயரில் சாப்ரி தொப்பியைக் கழற்றினார்.

மாகாவின் உப்பு வந்ததும் பாலம் முழுக்கச் சிரிப்பு. அது அடங்குவதற்குள், மூன்று நிலையம் தள்ளி இருந்து வந்திருந்த பருமனான ஒரு ஆள் முன்னால் வந்து, தான் ப்ரோதான் வீட்டு வம்சம் என்றார். ஸ்லாதினா அவரிடம் ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டாள். அவர் தோளில் மாட்டியிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து நீட்டினார்.

"என் அக்கா செஞ்ச பீன்ஸ்," என்றார். "சாப்பிட்டுப் பாருங்க."

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். தண்ணீர் கேட்டாள்.