மேசையின் கீழ்முனை

"ஏங்க... கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்களேன். கை நழுவுது."

மூன்றாம் மாடி வீட்டுக்கான மேசையோடு மாடிப்படித் திருப்பத்தில் சிக்கியிருந்த தச்சன், படியிறங்கி வந்த அவளிடம் கேட்டான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். கூட வரவேண்டிய ஆள் மழையைச் சாக்கிட்டுக் கம்பி நீட்டிவிட்டானாம். இமையெல்லாம் நீர்த்துளி... அந்தக் கண்களில் அவசரம் இருந்தது. இரக்கம் மட்டும் இல்லை.

அவளிடம் ஒருத்தர் உதவி கேட்டு எத்தனை மாசமாச்சு! சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஓட்டியவள் அவள். நுரையீரல் காய்ச்சல் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் மெஷின் மூச்சில் அசையாமல் கிடந்தாள். பிழைத்தாள். ஆனால் உடம்பில் வைட்டமின் டி வற்றி, எலும்பு தேய்ந்திருந்தது. "மாத்திரை போடுங்க, நடங்க, கொஞ்சம் கொஞ்சமா பாரம் தூக்குங்க. பாரம் தாங்கினாத்தான் எலும்பு பலப்படும்" என்றார் டாக்டர். அண்ணன் காதில் ஏறியது "எலும்பு தேஞ்சிருக்கு" மட்டும்தான். அன்று முதல் காய்கறிப் பையைக்கூட அவளைத் தொடவிட்டதில்லை.

"ஐயோ, கீழ வை! அவ எலும்பு முறிஞ்சா நீயா பார்ப்பே?"

அண்ணன்தான். வீட்டு வாசலில் நின்று கத்தினான். தச்சன் முகம் வெளுத்துப்போனது. மேசையை அங்கேயே வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க, தெரியாது" என்று தலைகுனிந்து இறங்கிப் போனான்.

ராத்திரி அவளுக்குத் தூக்கமில்லை. அண்ணன் கத்தியதை விட, தச்சன் தலைகுனிந்ததுதான் வலித்தது. இனி இவனும் என்னைக் கண்ணாடிப் பொம்மையாகத்தான் பார்ப்பானா?

மறுநாள் அவன் வந்தான். தனியாக.

"ஒதுங்கிக்கோங்க... ஆள் வரும்" என்றான், அவளைப் பார்க்காமலே.

"நேத்து கேட்டப்போ நான் ஆளாத் தெரிஞ்சேன். இன்னைக்கு நோயாளியாயிட்டேனா?"

அவள் மேசையின் கீழ்முனையில் கை வைத்தாள்.

அண்ணன் ஓடிவந்தான். "பைத்தியமா உனக்கு? படியில கீழ்ப்பக்கம்தான் பாரமெல்லாம் இறங்கும்!"

"அதான் எனக்கு வேணும். அண்ணா, நீ என் மேல உயிரையே வச்சிருக்கே, தெரியும். ஆனா டாக்டர் சொன்னதுல பாதியைத்தான் கேட்டே. இப்படியே பொத்திப் பொத்தி வச்சா, நிஜமாவே உடைஞ்சு போவேன்."

அண்ணன் படியை விட்டு ஒதுங்கி நின்றான். அவள் தச்சனைப் பார்த்தாள். "தூக்குறீங்களா, ஆள் வரட்டும்னு நிக்கிறீங்களா?"

அவன் மேல்முனையைப் பிடித்தான். ஒவ்வொரு படியாக... அவள் கை நடுங்கியது, மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்தி ஏறினாள். மூன்றாம் மாடியில் மேசையை வைத்தபோது வியர்வையும் சிரிப்புமாக நின்றாள்.

"என் கை நடுங்குறதைப் பார்த்தீங்கதானே? ஏன் தாங்கிப் பிடிக்க வரல?"

"மனசு பதறுச்சு..." அவன் முதல்முறையாக நேராக அவள் கண்களைப் பார்த்தான். "ஆனா நீங்க கூப்பிடல."

"கீழே ஆள் காத்துட்டு இருப்பாங்களே?"

"யாரும் இல்ல. ஆள் வரும்னு சும்மாதான் சொன்னேன். நான் யாரையும் கூப்பிடவே இல்ல... நேத்து உங்களை விட்டா."

வெளியே இரண்டு நாள் மழை ஓய்ந்து சன்னல் வழியே வெயில் இறங்கியது. அவள் வெயிலுக்குள் நகர்ந்து நின்றாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கீழ்ப்பக்கத்தை எனக்கு விட்டீங்களே, அதுக்காகவே பிடிச்சிருக்கு."