கதிர்க்குருவியின் கால்

அந்த மதியம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் இருந்தவர்கள்: கல்லாவில் அண்ணன், ஃப்ரேம்களைத் துடைத்தபடி அண்ணி, கண் பரிசோதனை அறையின் வாசலில் அவள், நீர் சொட்டச் சொட்ட முன்பின் தெரியாத ஒருவன், அவன் தொப்பிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு குருவி.

வெளியே மழை. அழகான மழையெல்லாம் இல்லை, செருப்புக்குள் சேறு புகும் மழை.

“உங்க கடைக் கண்ணாடியில மோதி விழுந்துடுச்சு. ஒரு அட்டைப்பெட்டி கிடைக்குமா?”

“அதுக்கும் கண் டெஸ்ட் பண்ணணுமோ?” என்றாள் அவள்.

அவன் சிரிக்கவில்லை. நனைந்த இமைகளைச் சுருக்கி, புகைக்குள் எதையோ தேடுகிறவன்போல அவளைப் பார்த்தான். அவளுக்குக் கன்னம் சூடேறியது... நல்ல கண்கள். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் பெட்டியில் துளைகள் போட்டாள். அவன் துணி விரித்துக் குருவியை வைத்தான்.

“இருட்டுல கிடந்தா தெளிஞ்சிடும். கதிர்க்குருவி. குளிர் வந்தா நாடு விட்டு நாடு பறக்கும். இதுல ரெண்டு வகை உண்டு, அச்சு அசல் ஒண்ணு மாதிரியே இருக்கும். காலை வெச்சுதான் பிரிக்கணும். இது கறுப்புக்கால்.”

அவள் குனிந்தாள். “வெளுப்பா இருக்கே.”

“ஆளுங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் பறவை காட்டுறதுதாங்க என் பொழப்பு.”

“இருக்கட்டும். கால் வெளுப்புதான். சந்தேகம்னா அந்தச் சுவத்துல இருக்கிற எழுத்து அட்டையில மூணாவது வரியை வாசிங்க பார்ப்போம்!”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணன் பக்கென்று சிரித்துவிட்டான். வந்தவன் முகம் சுண்டிப்போனது. பெட்டியைக்கூட எடுக்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

“வாய் ஜாஸ்திடி உனக்கு,” என்றாள் அண்ணி.

மழை விட்டது. கதவு திறக்கும் போதெல்லாம் அவள் தலை தானாக நிமிர்ந்தது. யார் யாரோ வந்தார்கள். சாயங்காலம் பெட்டிக்குள் நகம் கீறும் சத்தம். குருவி தெளிந்துவிட்டது, பறக்கவிட வேண்டியதுதான். ஆனால் விட்டுவிட்டால், அவன் திரும்பி வர ஒரு காரணமும் மிஞ்சாது...

அதற்காக ஓர் உயிரை அடைத்து வைக்க முடியுமா? பெட்டியைத் தூக்கினாள். திரும்பினால், எதிரே அவன்.

“மூணாவது வரி என்ன... முதல் வரியே மங்கல்தான்,” என்றான். “ரொம்ப நாளா குரலைக் கேட்டே சமாளிக்கிறேன். கண்ணாடி போட்டா என்னை நம்பி யாரு வருவாங்கன்னு ஒரு வீம்பு. இந்தக் குருவி வாயே திறக்கல... மாட்டிக்கிட்டேன்.”

“நான் அப்படி எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது. உள்ள வந்து உக்காருங்க.”

சோதனை ஃப்ரேமை அவன் மூக்கில் மாட்டினாள். ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு எடுத்தாள். “இது தெளிவா... இல்ல இதுவா?” தினமும் எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்வி. இன்று ஏன் ஒரே லென்ஸை இரண்டு தடவை போடுகிறாள்?

“இது,” என்றான். சுவரை அவன் பார்க்கவேயில்லை. “உங்க இமையோரத்துல ஒரு மச்சம் இருக்கு.”

“எழுத்தை வாசிங்க சார்...”

கொல்லைப்புறம் ஒற்றை மரம். அவள் பெட்டியைத் திறந்ததும் குருவி விருட்டென்று கிளைக்குத் தாவியது. சோதனை ஃப்ரேம் மூக்கில் சரிய, அவன் அண்ணாந்தான்.

“வெளுப்பு,” என்றான் மெதுவாக.

“சொன்னேன்ல?”

அப்போது அது கூவியது. ஹூ...யீட்.

“கேட்டீங்களா? முதல்ல தணிவா ஒண்ணு, அப்புறம் மேல ஏறுது. கறுப்புக்கால் இப்படி இழுக்காது.”

அவள் காதுக்கு எல்லாம் ஒரே கீச்சுதான். அவன் சொன்ன பிறகு, அந்த ஏற்றம் கேட்டது.

“என் கண்ணாடி எப்போ கிடைக்கும்?”

“நாலு நாள் ஆகும்.”

“அதுவரைக்கும் காட்டுல நீங்க பார்த்துச் சொல்றீங்களா? எனக்கு ஒரு கண் வேணும்.”

“நாலு நாள் கழிச்சு?”

அவன் ஃப்ரேமைச் சரிசெய்து அவளை நேராகப் பார்த்தான். “அப்போ கண் இருக்கும்... நீங்கதான் வேணும்.”

அந்த ஜாஸ்தி வாய்க்காரி தலையை மட்டும் ஆட்டினாள். அது அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் கொல்லைக் கதவு சாத்திக்கொண்டது.

“அண்ணி! நான் வெளியதான் இருக்கேன்!”

“தெரியும்டி. தெருவைச் சுத்தி நடந்து வாங்க ரெண்டு பேரும். ஒண்ணும் அவசரமில்ல.”

உள்ளே சாவி திரும்பியது.