இரவல் ஸ்டெப்னி

"உங்க டயர் செத்துப் போச்சு."

சோல்வி அவனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

மினசோட்டாவில் மீன்பிடி சீசன் திறக்கும் நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பெமிட்ஜி ஊரைத் தாண்டியிருந்த பெட்ரோல் பங்கில் படகு இழுத்து வந்த வண்டிகள் வரிசை கட்டி நின்றன. தன் டிரெய்லர் டயர்களுக்குக் காற்று பிடித்துவிட்டு நிமிர்ந்தவள், பக்கத்து வண்டிக்குப் பின்னாலிருந்த சிவப்புப் படகைப் பார்த்தாள். படகை இல்லை... அதன் டயரை.

"எந்த டயர்?" என்று திரும்பினான் அவன்.

கண்கள்... பனி உருகி முடிந்த முதல் வாரத்தில் ஏரித் தண்ணீருக்கு ஒரு சாம்பல் நிறம் வருமே, அந்த நிறம். 'அதுக்கு இப்ப என்ன?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"ரெண்டும்தான். பக்கவாட்டுல பாருங்க, பாளம் பாளமா வெடிச்சிருக்கு."

"பட்டன் தேயவே இல்லையே? புதுசு மாதிரி இருக்குன்னு சொல்லித்தான் வித்தாரு."

"தேயாது. பத்து வருஷம் யார் வீட்டுப் பின்னாடியோ வெயில்ல சும்மா நின்னா எப்படித் தேயும்?"

அவன் சிரித்தான். "நீங்க டயர் டாக்டரா?"

"ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறேன். உடைஞ்சது எதுன்னு பார்த்தா தெரியும்."

"சரிங்க டாக்டர், ஏரி வரைக்கும் உயிரோட இருந்தா போதும்" என்று வண்டியில் ஏறிவிட்டான்.

'போ... எனக்கென்ன!'

அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் சிவப்புப் படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. டயர் நார் நாராய்க் கிழிந்து கிடந்தது. நிறுத்தக் கூடாது என்றுதான் நினைத்தாள்... கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

நனைந்த தலையோடு அவன் நின்றிருந்தான். "'அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லிடுங்க. கேட்டுக்கறேன்."

"ஸ்டெப்னி எங்க?"

"இல்லை."

அவள் தன் டிரெய்லரிலிருந்த ஸ்டெப்னியைக் கழற்றினாள். ஐந்து போல்ட் துளைகள், அவன் சக்கரத்திலும் ஐந்து. அளவும் ஒன்றுதான். ஜாக்கியோடு அவள் குனிந்ததும் அவன் பக்கத்தில் மண்டியிட்டான்.

"நீங்க செய்ய வேண்டாம். எப்படின்னு சொல்லுங்க, நான் செய்யறேன்."

சோல்வி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆண்கள் எல்லாம் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்குவார்கள். சொல்லித் தரும்படி கேட்டவன் இவன்தான்.

"முதல்ல நட்டைத் தளர்த்துங்க, அப்புறம் ஜாக்கி. ஐயையோ, அச்சுக்கு அடியில வைக்காதீங்க! சட்டத்துல வைங்க... ஆங், அங்க."

மழை வலுத்தது. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கப் போய் மூக்கில் கிரீஸ் பூசிக்கொண்டான். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

பெயர் ஆர்லோ. தபால்காரன். இலையுதிர் காலத்தில்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தானாம். படகு வாங்கி மூன்று வாரம்.

"ஸ்டெப்னியை எங்க கொண்டு வந்து தரணும்?"

"ஞாயித்துக்கிழமை மதியம், படகுத்துறையில. அது இல்லாம நான் திரும்பிப் போக மாட்டேன். ஞாபகம் வைங்க."

"மறக்கற முகமா இது?" என்று சொல்லிவிட்டு அவனே காது சிவந்து போனான்.

சனிக்கிழமை முழுக்க ஏரியில் நல்ல மீன் கடித்தது. ஆனால் சோல்வியின் கண் தூண்டிலில் நிற்கவில்லை. தொலைவில் ஏதாவது சிவப்பாய்த் தெரிகிறதா என்று... சே, என்ன இது!

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தான். டிரெய்லரில் இரண்டு புது டயர். அவளுடைய ஸ்டெப்னியைக் கழுவித் துடைத்துப் பழைய இடத்திலேயே மாட்டினான். மாட்டியவன் அப்படியே குனிந்து நின்றான்.

"சோல்வி, இந்த வலது சக்கரத்துக்கு உள்பக்கம் கிரீஸ் சிதறியிருக்கே. பேரிங் போயிருக்குமோ?"

சுருக்கென்றது அவளுக்கு.

"நாலு வருஷமா இதை நான்தான் பார்த்துக்கறேன். நீங்க படகு வாங்கி மூணு வாரம்."

"தப்பா சொல்லலை..."

"ஸ்டெப்னி கொண்டு வந்ததுக்கு நன்றி."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் தீய்ந்த வாடை வந்தது. ஓரம் கட்டி, ஓடிப் போய்ச் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள்...

"அம்மா!"

கை வெந்துவிட்டது. புகை மெல்ல எழும்பியது. பின்னால் விளக்கு மினுக்க மினுக்க ஒரு வண்டி வந்து நின்றது. திரும்பாமலே தெரிந்தது யாரென்று.

ஆர்லோ ஓடி வந்து அவள் கையைப் பார்த்தான். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரை முகந்து வந்து, அவள் கையைப் பிடித்து மெல்ல ஊற்றினான். எரிச்சல் தணிந்தது. வேறு என்னவோ ஏறியது.

"நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள், குரல் உடைந்து.

"கை ரொம்ப வலிக்குதா?"

அவ்வளவுதான், அழுதுவிட்டாள்.

"டூல் பாக்ஸ்ல புது பேரிங் இருக்கு. என்னால முடியாது. மாட்டித் தர்றீங்களா?"

யாரிடமாவது அவள் உதவி கேட்டு எத்தனை காலமாயிற்று!

சக்கரத்தைக் கழற்றி, பழைய பேரிங்கை எடுத்துத் துடைத்து, புதியதில் கிரீஸை அழுத்தி நிறைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவசரப்படாமல் செய்தான்.

"ஏப்ரல்ல இடது பக்கம் கிரீஸ் போட்டேன். வலது பக்கம் ஆரம்பிக்கறப்ப கிளேட்டன் போன் பண்ணினான். எனக்கு நிச்சயம் ஆகியிருந்தவன். 'உனக்கு டிரெய்லரைப் பின்னாடி எடுக்கக்கூடத் தெரியாது'ன்னு சொல்லிட்டுப் போனவன். கல்யாணமாம், வரணுமாம். அப்படியே வீட்டுக்குள்ள போய்ப் படுத்துட்டேன். வலது பக்கத்தை மறந்தே போயிட்டேன். உங்க மேல கோபமே இல்லை, ஆர்லோ. யாரோ என்னைப் பார்த்து உனக்குத் தெரியாதுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியாததா? எனக்கு எது தெரிஞ்சாலும் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். உங்க டயரையெல்லாம் எதுக்கு உத்து உத்துப் பார்த்தேன்னு நினைக்கறீங்க?" சக்கரத்தைச் சுற்றிவிட்டான். சத்தமில்லாமல் சுழன்றது. "பேச ஏதாவது கிடைக்குமான்னுதான்."

அவள் நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நேத்து ஏரியில எந்தப் பக்கம் இருந்தீங்க?"

"நாணல் பக்கம். ஏன்?"

"நாள் பூரா தேடினேன்." கொஞ்சம் தயங்கினாள். பிறகு, அடுத்த நட்டை எடுத்துக் கொடுப்பது போல் சாதாரணமாய்ச் சொன்னாள்: "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, ஆர்லோ."

'உன்னை' என்றதை இருவருமே கேட்டார்கள். இருவரும் திருத்தவில்லை.