கலையாத மஞ்சள் கோடு

பந்தயத் திடலின் மூன்றாவது வளைவில் கார் திரும்பவில்லை. இடது முன்சக்கரம் மண்டியிட்டதுபோல் மடங்கியது. கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. ஓட்டியவனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. முப்பது வயதுகூட நிரம்பாதவன்.

காவல் நிலையத்தில் காரை நிறுத்த இடமில்லை. அதனால் அது எங்கே உருவானதோ அங்கேயே திரும்பி வந்தது. செத்தவனின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், காரைத் தூக்கும் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சக்கரம் போன பக்கத்துக்கு ஒரு ஜாக்கியை முட்டுக் கொடுத்து, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார்கள். வந்து சேர்ந்த மறுநாளே அது முனக ஆரம்பித்தது.

முனகல் என்றால் முனகலேதான். வலியைப் பல்லைக் கடித்து அடக்குபவன் அடிவயிற்றிலிருந்து விடும் சத்தம். செத்தவனின் மனைவி அடுப்படி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பெற்றவரோ, வேகிற வெயிலிலும் தன் அறை ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டார்.

வழக்கு சுலபமானது என்று எல்லோரும் சொன்னார்கள். பந்தயத்துக்கு முதல்நாள் முன்சக்கரங்களைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்ம் இரண்டையும் மாற்றியவன், அந்தப் பெண்ணின் சொந்தத் தம்பி. மெக்கானிக். இடது ஆர்மைச் சக்கரத்தோடு பிணைக்கும் நட்டு கழன்றிருந்தது. நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் அங்கே இல்லவே இல்லை. தம்பி பின் போட மறந்தான், அத்தான் செத்தான். கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

விசாரிக்க வந்த பெண் ஆய்வாளருக்கு அந்தக் கையெழுத்தைப் போட மனம் வரவில்லை. மூட்டுவலிக்காரர், முன்கோபி. ஆனால் ஒரு விஷயம் உறுத்தினால் தூக்கம் போய்விடும் ரகம். பின் விபத்தில் முறிந்திருந்தால் துண்டாவது துளைக்குள் சிக்கியிருக்க வேண்டும். துளை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. மறந்திருக்கலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த கை அதை மட்டும் ஏன் மறந்தது?

காலை பத்து மணிக்குக் கொட்டகையைத் திறக்கச் சொன்னார். ஏட்டு சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றுகொண்டார்.

"நீங்க வரலையா?"

"வரேன் மேடம். நீங்க முன்னாடி போங்க."

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. தினமும் காலையில நான்தான் ஜாக்கிய ஏத்தி வைக்கிறேன். மத்தியானத்துக்குள்ள யாரோ இறக்கிடுறாங்க. பூட்டு பூட்டினபடியே இருக்கு. இறங்குறப்பதான் முனகுது."

"யாரோ இல்லைய்யா, எண்ணெய் ஒழுகுது பாரு" என்று ஜாக்கிக்கு அடியில் பளபளத்த ஈரத்தைக் காட்டினார். "ஆவிக்கு வேற வேலை இல்லையா?"

ஏட்டு ஜாக்கியை ஏற்றினார். ஆய்வாளர் வலிக்கும் முழங்காலைத் திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்து காத்திருந்தார். ஜாக்கி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. காரின் பாரம் இடது பக்கம் சாய்ந்தது. சத்தம் வந்தது. அடுப்படியில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

சத்தம் வந்தது உடைந்த இடது பக்கத்திலிருந்து அல்ல. கீறல்கூட விழாத வலது பக்கத்திலிருந்து.

டார்ச் அடித்துப் பார்த்தார். வலது ஆர்மின் உள்முனை, காரின் சட்டத்தோடு சேரும் இடம். நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் குறுக்காக இழுத்த ஒரு மஞ்சள் கோடு. முடுக்கிய நட்டு பிறகு திரும்பினால் கோடு கலைந்து காட்டிக்கொடுக்கும். துளி விலகல் இல்லாமல் நேராக இருந்தது. அந்த இணைப்புக்குள்ளே இருந்த ரப்பர் மட்டும் ஓரத்தில் கிழிந்திருந்தது.

மெக்கானிக்கை வரவழைத்தார். அக்கா வீட்டு வாசலை மிதிக்க அவனுக்கு அனுமதியில்லை. பின்பக்கச் சந்து வழியாக வந்தான். பல நாள் தாடி.

"எதுக்கு ஆர்மை மாத்தினே?"

"அத்தான் வண்டிய ரொம்பத் தாழ்த்திட்டாரு மேடம். அப்படித் தாழ்த்தினா ஆர்ம் சக்கரத்துப் பக்கம் மேல தூக்கிக்கும். வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்காது, டயர் ஒரு ஓரமாத் தேயும். புது ஆர்ம்ல சக்கரத்தைப் பிடிக்கிற பால் ஜாயின்ட் நீளம். அதைப் போட்டா ஆர்ம் பழையபடி படுக்கையா வந்துடும்."

"முடுக்கினது எப்படி?"

"வெளிமுனையில நட்டை முடுக்கிப் பின் போடணும். உள்முனையில ரப்பர் புஷ் இருக்கு. அதை வண்டி லிஃப்ட்ல தொங்குறப்ப முடுக்கக் கூடாது. கீழ இறக்கி, நாலு சக்கரமும் மரக்கட்டை மேல நின்னப்புறம், அடியில படுத்துத்தான் முடுக்கணும். தொங்குறப்ப முடுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும்."

"நீ படுத்துத்தான் முடுக்கினியா?"

"ஆமா. முடுக்கி, கோடு போட்டு, சாயங்காலம் அத்தானும் நானும் தெருவுல ஒரு சுத்து போனோம். ஒரு சத்தம் இல்ல. அப்புறம் எஞ்சின் எண்ணெய் வடியட்டும்னு மறுபடி லிஃப்ட்ல ஏத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"பின் போட்டியா?"

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"போட்டேன். போட்டேன்னுதான் நினைக்கிறேன். கண்ணை மூடினா சில நேரம் போடுற மாதிரி தெரியுது. சில நேரம் ஓட்டை காலியாத் தெரியுது. அக்கா மூஞ்சியப் பாத்தா காலியாத்தான் தெரியுது. நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். இதோட இருக்க என்னால முடியல."

"என் கையெழுத்தை நான் பாத்துக்கறேன். நீ போய் முதல்ல தாடிய எடு."

அடுத்து, ஜன்னலோரம் இருந்தவள். ஆய்வாளரைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அது அவர்தான். உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா போங்க."

"கடைசியா அந்தச் சத்தம் பத்தி அவரே ஏதாவது சொன்னாராம்மா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "சொன்னாரு. அன்னிக்குக் காலையில லிஃப்ட்லேர்ந்து இறக்கி டிரெய்லர்ல ஏத்துறப்ப லேசா முனகிச்சு. 'புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி, புது ஆர்ம் முனகுது, பழகிடும்'னு சிரிச்சாரு. அதே சத்தம்தான் இது. அதான் சொல்றேன்."

ஆய்வாளர் எழுந்தார். சாயங்காலம் சத்தமில்லை. காலையில் சத்தம். நடுவில் ஓர் இரவு. அப்போதெல்லாம் கொட்டகைச் சாவி அடுப்படிச் சுவரில் ஆணியில்தான் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அன்று வீட்டுக்கு வந்த வெளியாள் ஒருவன்தான்.

அவன் பெயரையே எல்லோரும் மறந்திருந்தார்கள். எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சேராததால் 'நியூட்ரல்' என்று ஆகிவிட்டது. செத்தவனின் நண்பன். பந்தயத் திடலின் வாசலில் கார்களைச் சோதித்து உள்ளே விடுகிறவன். அந்தக் காரை ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நண்பன் கடைசிவரை கார் சாவியைக் கொடுக்கவில்லை.

"காரைச் சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன் மேடம். சக்கரத்தை ஆட்டிப் பாத்தேன்."

"நட்டு கழன்ற சக்கரம் ஆடியிருக்குமே."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"ஆட்டிப் பாத்தீங்களா, இல்லையா? ரெண்டுக்கும் நடுவுல நிக்க இடமில்ல."

அவன் உடைந்தான். "நம்ம ஆளுதானேன்னு விட்டுட்டேன் மேடம். யாரு வந்தாலும் ஆட்டிப் பாப்பேன். அன்னிக்கு மட்டும் கையக் காட்டி அனுப்பிட்டேன். தூங்கினா, அவன் கண்ணாடிய இறக்கி 'பாக்கலையாடா'ன்னு கேக்குறான்."

கடைசியாகத் தகப்பனார். பேருந்துப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் அவரும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை. வேண்டியதை எல்லாம் மருமகள் வழியாகச் சொல்லியனுப்பிக்கொள்வார்கள். பந்தயம்தான் காரணம்.

"நீங்க திடலுக்குப் போயிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. வேலிக்கு வெளிய நின்னேன். சக்கரம் லேசா ஆடுதுன்னு ஒரு வண்டிய வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க. அது ஒண்ணுதான் எனக்கு அங்க பிடிச்சது."

"இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்குக் காது மந்தம்" என்றார். அவ்வளவு நேரமும் கிசுகிசுப்பாகத்தான் பேசிக்கொண்டிருந்தார் ஆய்வாளர்.

மதியம் காரை லிஃப்டில் ஏற்றச் சொன்னார். வலது உள்முனையின் நட்டை ஏட்டிடம் தளர்த்தச் சொன்னார். பிறகு ஆண்கள் மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே உள்ளே கூப்பிட்டார். ஒரே உத்தரவு. ஸ்பேனரை எடுத்து, இதை முன்பு இருந்த மாதிரியே முடுக்குங்கள்.

நியூட்ரல் மேலே பார்த்தான். "தொங்குதே மேடம். இறக்கிட்டுத்தானே முடுக்கணும்?"

மெக்கானிக் ஸ்பேனரைத் தொடாமல், மூலையில் கிடந்த மரக்கட்டைகளை எடுத்து வரப் போனான்.

பெரியவர் தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தார். காரைப் பார்க்கவே கூசினார். ஆனால் ஸ்பேனர் கைக்கு வந்ததும் உடம்பு பழைய வேலையை நினைவுபடுத்திக்கொண்டது. காருக்கு அடியில் நின்றபடியே நட்டை முடுக்கினார். கடைசியில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மஞ்சள் கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றாகச் சேரும்வரை நூல் நூலாகத் திருப்பி நிறுத்தினார்.

"போதும் ஐயா" என்றார் ஆய்வாளர். குரல் இறங்கியிருந்தது. எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்.

"இந்தக் கோடு கலையாம இருந்ததுனாலதான் வெளியாள் கை படலைன்னு எல்லாரும் நம்பினோம். நானும்தான். கோட்டைப் பாத்தோமே தவிர அதுக்குள்ள இருந்த ரப்பரைப் பாக்கல. மெக்கானிக் முடுக்கினப்ப வண்டி தரையில நின்னுச்சு. அதான் சாயங்காலம் சத்தமில்ல. ராத்திரி வண்டி தொங்கிக்கிட்டிருந்தப்ப யாரோ இந்த நட்டைக் கழட்டி, திரும்ப முடுக்கி, கோட்டையும் சரியாச் சேத்து வெச்சிருக்காங்க. காலையில இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிச்சு. முனக ஆரம்பிச்சுது. ஜாக்கி தாழுறப்பெல்லாம் இன்னிக்கும் முனகுது. கார் வேலை தெரிஞ்ச ரெண்டு பேரும் தொங்குற வண்டியில இதைத் தொடமாட்டாங்க. இந்த ஆர்மும் ரப்பரும் இல்லாத கெட்டி அச்சு வண்டியிலயே காலம் பூரா வேலை செஞ்சவரு ஒருத்தர்தான் தொடுவாரு. பேருந்து ஃபிட்டர்."



பெரியவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். துணிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்ப்ளிட் பின் இருந்தது.

"முதல்ல வலது பக்கம் உள்முனையில இருந்த நட்டைத் தளர்த்திப் பாத்தேன். சக்கரம் ஆடல. திரும்ப முடுக்கிட்டேன். அப்புறம் இடது பக்கம் வெளிமுனையில கழட்டினேன். நல்லா ஆடிச்சு. வண்டி டிரெய்லர்லதானே போகுது, ரோட்டுல ஒண்ணும் ஆகாது. வாசல்ல ஆட்டிப் பாப்பாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க. மச்சான் வேலை சரியில்லைன்னு ஒரு நாள் திட்டுவான். அந்த ஒரு பந்தயத்துலேர்ந்து தப்பிச்சுடுவான். அவ்வளவுதான் நினைச்சேன்."

நியூட்ரல் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

மெக்கானிக் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அக்கா அவனிடம் போனாள். இத்தனை நாள் அவள் பேசிய பேச்சுக்கெல்லாம் ஈடாக, அந்தக் கைகள் இரண்டையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவன் சின்னப் பையன்போல் விம்மினான்.

பிறகு அவள் மாமனாரைப் பார்த்துத் திரும்பினாள். கத்துவாள் என்று ஏட்டு பயந்தார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"நான் சொன்னா அவன் கேட்டிருப்பானாம்மா? எங்களுக்குள்ள பேச்சே இல்லையே."

"அன்னிக்குக் காலையில கிளம்புறதுக்கு முன்னாடி உங்க அறைக் கதவுகிட்ட வந்து நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் என்கிட்ட வந்து, 'அப்பா ஏதாவது சொன்னாரா'ன்னு கேட்டாரு. ஒண்ணும் சொல்லலைன்னேன். சரின்னு கிளம்பிட்டாரு."

ஏட்டு விலங்கை எடுத்தார். வேண்டாம் என்று ஆய்வாளர் தலையசைத்தார். பெரியவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்து, அது இருந்த இடத்திலேயே மாட்டினார்.

"தெரியும்மா" என்றார். "கதவுக்கு அடியில அவன் கால் நிழல் தெரிஞ்சுது. நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."